இரத்தத்தில் ஊறியதா?

கேள்வி: தினமும் குடித்த என் கணவர் இரண்டு மாதமாக வாரக் கடைசியில் மட்டும் குடிக்கிறார். இரத்த அழுத்தத்துக்கும் இனிப்பு நீருக்கும் (நீரிழிவுக்கும்) மாத்திரை எடுக்கிறார். முழுதாக நிறுத்தாமல் குறைப்பதால் பயன் உண்டா? சிகரெட்டையும் விடுவாரா? தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குடி இரத்தத்தில் ஊறியது என்கிறார் என் மாமியார்.
– ஒரு வாசகி, பீடோங், கெடா, மலேசியா

பதில்: பீடோங்கில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா உங்கள் மாமியார்? கள்ளுக்கடையை உரிமத்தோடு தோட்டத்துக்குள் நடத்தியது நிர்வாகம். ரப்பர் பால்மரம் சீவி வாங்கிய சம்பளம் அந்தக் கடையிலேயே கரைந்தது. அதை எதிர்த்து எழுந்ததும் உங்கள் வட்டாரம்தான். 1946-47இல், தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டிய ஏ. எம். சாமியின் தொண்டர் படை கெடா தோட்டங்களில் கள்ளுக்கடைகளை மறித்தது. ஹார்வர்ட் தோட்டத்தில் போலீஸாரோடு மோதல் மூண்டு, ஒரு தொழிலாளி உயிரையே விட்டார். அவர்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் இரத்தத்தில் குடி ஊறியிருக்கிறது என்று யார் சொன்னாலும் இந்தப் பக்கத்தில் மறுத்துக்கொண்டே இருப்பேன். இதற்காக என்னிடம் சண்டைக்கு வரும் கோயில் நிர்வாகிகளே, திருவிழா முடிந்த இரவில் கொட்டகைக்குப் பின்னால் பீர் பெட்டி இறக்கிவிட்டு, 'பையன்கள் பாடுபட்டார்கள்' என்று சமாதானம் சொல்லாதீர்கள். பாடுபட்ட பையனுக்கு வயிறாரச் சோறு போடுங்கள்.

இனி உங்கள் கணவர். குறைத்ததற்குப் பலன் நிச்சயம் உண்டு. அதிகம் குடித்தவர் குறைத்தால் சில வாரங்களிலேயே இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கும், ஈரலில் சேர்ந்த கொழுப்பும் குறையும், தூக்கம் சீராகும். ஆனால், ஐந்து நாள் விட்டதை இரண்டு இரவில் குடித்துத் தீர்த்தால் அந்தப் பலன் கைக்கு எட்டாது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இனிப்பு நீர் மாத்திரை. மதுவை அகற்றுவதில் ஈரல் முனைந்திருக்கும்போது, அது இரத்தத்துக்குள் விடும் சர்க்கரை குறைந்துவிடுகிறது. சில வகை மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும். வியர்க்கும், நாக்குக் குழறும், நடை தள்ளாடும். வீட்டிலுள்ளவர்கள் போதை என்று நினைத்துப் போர்த்திப் படுக்க வைத்துவிடுவார்கள். அப்படி நினைவு திரும்பாமலே போய்விடக்கூடும். அவர் குடித்த இரவில் இந்த அறிகுறிகளைக் கண்டால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். விழுங்க முடிகிறவரானால் இனிப்பான பானம் கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சிகரெட்டை விடுவதற்கு இதுவே நல்ல நேரம். கையில் கிளாஸ் இருக்கும்போதுதான் பலருக்கும் அடுத்த சிகரெட் தேவைப்படுகிறது. கிளாஸ் குறைந்தால் அந்த ஆசையும் தளரும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு இரண்டும் சேர்ந்து கொடுக்கும் ஆபத்து தனித்தனியே கொடுப்பதைவிட மிக அதிகம்.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம். மாத்திரைப் பையைக் கையோடு எடுத்துச் சென்று, முன்பு எத்தனை போத்தல், இப்போது எத்தனை என்று மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். குடி குறைந்தபின் பழைய அளவு அழுத்த மாத்திரை கூடுதலாகித் தலைசுற்றலாம். அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவர்கள் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, வலிப்பு வரக்கூடும். அவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகே நிறுத்த வேண்டும்.