காலை 5 மணி, யாருடைய 5 மணி?

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். காலை 5 மணிக்கு எழுந்து நடப்பது, தொடக்கநிலை 3இல் படிக்கும் மகளுக்குத் தினமும் அரைமணி நேரம் தமிழ்க் கதை வாசித்துக் காட்டுவது, நாட்குறிப்பு எழுதுவது என்று மூன்று பழக்கங்களைத் தொடங்கினேன். 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழகிவிடும் என்று ஒரு பேச்சாளர் சொன்னார். என்னால் பத்து நாளைத் தாண்ட முடியவில்லை. வேலை முடிந்து வீடு வர இரவு 8 மணி ஆகிறது, படுக்க 12 ஆகிறது. எங்கள் புளோக்கில் நான்கு மாடி கீழே இருக்கும் நண்பர் இரவில் நடக்கக் கூப்பிடுகிறார். காலையில் நடந்தால்தான் பலன் என்று நான் போகவில்லை. எனக்கு மனவுறுதி குறைவா? சுயக்கட்டுப்பாட்டை வளர்த்துக்கொள்வது எப்படி?
— வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: மனவுறுதியை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த 5 மணியைப் பேசித் தீர்த்துவிட வேண்டும். அதன்மேல் எனக்கு நெடுநாள் கோபம்.

சிங்கப்பூரில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 7 மணிக்குத்தான் உதிக்கிறது. நமக்குக் கோடை, குளிர் என்ற பேதம் இல்லை. மிஞ்சினால் கால்மணி நேரம் முன்னே பின்னே நகரும், அவ்வளவுதான். அப்படியானால் நீங்கள் 5 மணிக்கு எழுந்தால் விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. கோடைக்காலச் சென்னையில் 5 மணிக்கு எழுகிறவருக்கு முக்கால் மணி நேரத்தில் வெளிச்சம் வந்துவிடும். இரண்டும் ஒரே 5 மணியா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. சிங்கப்பூர் இருப்பது, உலக நேரத்தை எண்ணத் தொடங்குகிற லண்டன் கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 104 பாகையில். சூரியனைப் பார்த்துக் கடிகாரம் வைத்தால் நாம் கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம் முன்னால் இருக்க வேண்டும். ஆனால் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஒரு மணி ஐந்து நிமிடம் கூடுதல். சென்னையின் கடிகாரமும் சூரியனும் பத்து நிமிடத்துக்குள் ஒத்துப்போகின்றன. ஆகவே உங்கள் அலாரம் 5 மணிக்கு அடிக்கும்போது சூரியனின் கணக்கில் மணி 4கூட ஆகவில்லை. உங்கள் உடம்பு தூங்கச் சொன்னது சோம்பலால் இல்லை. அது சரியான நேரத்தைச் சொல்லியது.

இந்த ஊரின் கடிகாரத்தைப் பலமுறை திருகியிருக்கிறார்கள். 1905இல் 7 மணி நேரம் முன்னால். 1933இல் அதோடு 20 நிமிடம். 1941இல் இன்னும் 10 நிமிடம் கூட்டி ஏழரை ஆக்கினார்கள். 1942இல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம், அதாவது 9. ஒரே உத்தரவில் ஊர் முழுவதும் ஒன்றரை மணி நேரம் முன்னால் எழ வேண்டியதாயிற்று. போர் முடிந்ததும் ஏழரைக்குத் திரும்பினோம். கடைசியாக, தீபகற்ப மலேசியா தன் நேரத்தைக் கிழக்கு மலேசிய மாநிலங்களான சாபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கியபோது நாமும் கூடவே மாற்றிக்கொண்டோம். 1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு பதினொன்றரை மணிக்கே புத்தாண்டு பிறந்துவிட்டது. அந்த அரைமணி நேரம் இன்னும் நமக்குத் திரும்பி வரவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், அந்த இரவை நினைவு வைத்திருப்பார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? எங்கேயோ ஒருவருக்குச் சரிப்பட்ட நேரத்தை எடுத்து, அதைத் தவறவிட்டதற்காக நீங்கள் உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். 12 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. தினம் இரண்டு மணி நேரம் கடன் வாங்கிப் பத்து நாள் ஓடியிருக்கிறீர்கள். அதற்கே மனவுறுதி வேண்டும் ஐயா.

இந்த ஊரில் தினமும் விடியுமுன் எழுகிற தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஊழியர் விடுதிகளில் போய்ப் பாருங்கள். கட்டுமானத் தளத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் போகிற தம்பிமார் இருட்டில் எழுந்து, வரிசையில் நின்று குளித்து, லாரி வருமுன் தயாராக இருக்கிறார்கள். யாரும் அவர்களுக்கு மேடை போட்டு வெற்றியின் ரகசியம் சொன்னதில்லை. லாரி வருகிறது, எழுகிறார்கள். அவர்களை எழுப்புவது வறுமையும் ஊரில் இருக்கிற வீட்டின் பொறுப்பும். அதை யாரும் ஆசைப்பட்டுத் தேடிக்கொள்ள வேண்டாம். ஆனால் அதிகாலையில் எழுவதைப் பெரிய குணச்சிறப்பாகப் பேசுகிறவர்கள் இவர்களைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டுப் பேசட்டும். அவர்கள் லாரியின் பின்னால் உட்கார்ந்து தூங்குவதைப் பார்த்துக்கொண்டே, தூக்கத்தை வெல்வது எப்படி என்ற கூட்டத்துக்கு 50 வெள்ளி கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

தன்முனைப்புப் பேச்சாளர்களோடு எனக்கு இருக்கும் சண்டை இந்தப் பக்கத்து வாசகர்களுக்குப் புதிதில்லை. மூன்று மணி நேரம் கைதட்ட வைக்கிறார்கள். வெளியே வரும்போது நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது. இரண்டு வாரம் கழித்து அதே மனிதர் முன்பைவிடக் குனிந்து நடக்கிறார். சொன்னவர் சரியாகத்தான் சொன்னார், நான்தான் லாயக்கில்லை என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறார். உங்கள் கடிதத்திலும் அந்தக் குரல் கேட்கிறது. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

அந்த 21 நாள் எங்கிருந்து வந்தது தெரியுமா? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதியது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்தார். அந்தக் ‘குறைந்தது’ மேடை மேடையாக ஏறி இறங்கியதில் உதிர்ந்துவிட்டது, 21 மட்டும் நின்றது. முகம் பழகுவதும் விடியற்காலையில் நடக்கப் பழகுவதும் ஒன்றா? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஆளுக்கு ஒரு சிறு பழக்கம், மதியச் சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவது, இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால்மணி நேரம் ஓடுவது, இப்படி. அது தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது: கணக்கிட்டபோது 18 நாளிலிருந்து 254 நாள்வரை போனது. உடற்பயிற்சிக்கு இன்னும் அதிக நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. இதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

நீங்கள் பத்தாம் நாள் விட்டீர்கள், சரி. பதினொன்றாம் நாள் ஏன் தொடரவில்லை? 21 என்ற எண்ணிக்கை உடைந்துவிட்டது, முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று சோர்ந்துபோனீர்கள் என்று நினைக்கிறேன். எண்ணிக்கையைத் தூக்கிப் போடுங்கள். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு ஜப்பானியர் ஆட்சியில் நின்றுபோனது. போர் முடிந்ததும் மறுபடி வந்தது. இன்றைக்கும் வருகிறது. நின்ற ஆண்டுகளைக் காட்டி அதைத் தொடர்ச்சி இல்லாத பத்திரிகை என்று யாராவது சொல்வார்களா?

இனி அந்த நண்பர். உங்கள் கடிதத்திலேயே மிக நல்ல செய்தி அவர்தான், அவரைப் போய் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். காலையில் நடந்தால்தான் பலன் என்பது தவறு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது எந்த மணியில் என்று சொல்லவில்லை. இரவு ஒன்பதரைக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், முடிந்தது. இருட்டினால் சாலையோரம் விளக்கு இருக்கிறது, பூங்கா இணைப்புப் பாதை இருக்கிறது, வெயில் இல்லை. எல்லாவற்றையும்விட, ஒருவர் மின்தூக்கி அருகே நின்று உங்களுக்காகக் காத்திருப்பார். வர முடியாத அன்றைக்கு அவருக்குச் செய்தி அனுப்ப வேண்டியிருக்கும். உங்களுக்கு நீங்களே கொடுத்த வாக்கை மீறுவது எளிது, இன்னொருவரைக் கீழ்த்தளத்தில் நிற்க வைப்பது கடினம்.

தேசிய சேவை என்ற கட்டாயப் படைப்பணி செய்தவர்களுக்கு இது தெரியும். இரண்டு ஆண்டு விடியுமுன் எழுந்து, படுக்கையை மடித்து, ஓடி, அணிவகுத்த அதே பையன், சேவை முடிந்த மறுவாரம் மதியம்வரை தூங்குகிறான். அம்மாக்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எங்கே போனது ஒழுங்கு? அது அந்தப் படுக்கைக்கூடத்திலும் உடன் எழுந்த தோழர்களிடத்திலும் இருந்தது. அவன் அதை வீட்டுக்கு எடுத்து வரவில்லை, எடுத்து வரக்கூடிய பொருளும் இல்லை அது. இடத்தையும் நேரத்தையும் கூட வருகிற ஆளையும் வீட்டில் புதிதாக ஏற்பாடு செய்தால்தான் ஒழுங்கு திரும்பி வரும். பிறகு போர்க்காலப் படைவீரராக ஆண்டுதோறும் உடல்தகுதித் தேர்வு. கெடு முடிய சில வாரம் இருக்கும்போது ஓட்டத் திடலில் எத்தனை பேர் மூச்சிரைக்கிறார்கள் பாருங்கள்.

தமிழுக்கும் நாம் இதையேதான் செய்கிறோம். ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழா. மேடைக்கு மேடை சொற்போட்டி, கவிதை, நாடகம், பிள்ளைகளுக்குப் பட்டுச்சட்டை. உழைப்பவர்களை மதிக்கிறேன், நானும் போகிறேன். ஆனால் மே மாதம் முதல் தேதியிலிருந்து அதே வீட்டில் ‘டாடி, ஐ ஆம் ஹங்ரி’ என்றுதான் கேட்கிறது, ‘கம் அண்ட் ஈட்’ என்றுதான் பதில் போகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன்பு இதைவிடக் கூடுதலாக இருந்தது. செந்தமிழும் நாப்பழக்கம் என்று பள்ளியில் ஒப்பித்த நாம்தான் இப்படி இருக்கிறோம். ஆண்டுக்கு ஒரு மாதம் பழகி எந்த நாக்குக்கு எது வந்திருக்கிறது?

ஆகவே உங்கள் மூன்று பழக்கங்களில் எனக்கு முக்கியம் நடுவில் இருப்பதுதான். நாட்குறிப்பை விட்டுவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நடையை நண்பரிடம் ஒப்படையுங்கள். மகளோடு வாசிப்பதை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் வேண்டாம், பத்து நிமிடம் போதும். மணி பார்த்துத் தொடங்காதீர்கள், எட்டரைக்கு என்று வைத்தால் ரயில் தாமதமான அன்றே திட்டம் போச்சு. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் வாசிப்பு என்று வையுங்கள். ‘இது முடிந்ததும் அது’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போடுகிறவர்கள் நினைத்ததைச் செய்து முடிப்பது அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். தட்டு கழுவாத இரவு உங்கள் வீட்டில் இல்லைதானே? புத்தகம் சாப்பாட்டு மேசைமேலேயே கிடக்கட்டும், அலமாரியில் அழகாக அடுக்க வேண்டாம். கைபேசியை வேறு அறையில் வையுங்கள்.

உங்கள் உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் இருக்கின்றன. சனிக்கிழமை அவளையே அழைத்துப் போய் அவளையே எடுக்கச் சொல்லுங்கள். படம் நிறைய இருக்கும் புத்தகத்தை எடுத்தால் தடுக்காதீர்கள். ஒரே கதையை மறுபடி மறுபடி கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள். எந்தக் கதையை அப்படிக் கேட்கிறாள் என்று அடுத்த கடிதத்தில் எனக்கு எழுதுங்கள். அதற்கு இந்தப் பக்கத்தில் எப்போதும் இடம் உண்டு.