நைமேகனுக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள்

கடிதம்:

வணக்கம். வரும் ஜூனில் நெதர்லாந்தின் ஐந்தோவனில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்கு நானும் என் கணவரும் போகிறோம். ஆம்ஸ்டர்டாமுக்கு இரண்டு நாள் ஒதுக்கியாகிவிட்டது. நீங்கள் ஒரு கட்டுரையில் நைமேகன் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அங்கே போகலாமா என்று கேட்டால், மருமகனின் நண்பர், “பழைய ஊர்தான், ஆனால் இரண்டாம் உலகப் போரில் எல்லாம் எரிந்துவிட்டது, பார்க்க ஒன்றும் இல்லை” என்கிறார். நான் முப்பது வருடம் வரலாறு பாடம் நடத்தியவள். ஒரு நாள் செலவழிக்கத் தகுந்த ஊரா என்று சொல்லுங்கள்.

எஸ்.ஆர்., திருச்சி

பதில்:

அன்புள்ள எஸ்.ஆர். அம்மாவுக்கு,

கட்டாயம் போங்கள். ஆனால் காலையில் போய் மாலையில் திரும்பாதீர்கள். மத்தியானம் போய் இருட்டும்வரை இருங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த நண்பர் சொன்னது முழுக்கத் தவறில்லை. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்தால் பெரும்பாலும் போருக்குப் பின் கட்டிய கடைத்தெருக்கள்தான் கண்ணில் படும். முதல்முறை போனபோது நானும் அதைப் பார்த்துவிட்டு, இதற்கா வந்தோம் என்று நாலு மணி ரயிலிலேயே திரும்பிவிட்டேன். ஆற்றங்கரைக்குப் போகவே இல்லை. அந்தத் தவறு உங்களுக்கு நேரக் கூடாது.

ரோமானியர்கள் இந்த ஊருக்கு வைத்த பெயர் நோவியோமாகஸ். புதுச்சந்தை என்று பொருள். நெதர்லாந்தின் மிகப் பழைய நகரம் என்று சொல்லிக்கொள்ளும் ஊருக்குப் பெயர் புதுச்சந்தை! 2005-இல் தன் 2000-ஆவது ஆண்டைக் கொண்டாடியது. தட்டையான அந்த நாட்டில் பனியுகம் குவித்துவைத்த ஒரு மேடு இங்கே ஆற்றை ஒட்டி நிற்கிறது. ரோமானியப் படை இங்கே முகாம் போட அந்த மேடுதான் காரணம்.

முதலில் அந்த மேட்டுக்கே போங்கள். ஃபால்க்ஹோஃப் என்று பெயர். பேரரசர் சார்லமேன் இங்கே அரண்மனை கட்டினார். அது அழிந்தபின் 1155-இல் ஜெர்மானியப் பேரரசர் பார்பரோசா திரும்பக் கட்டினார். பைசாந்தியத்திலிருந்து வந்து பேரரசியாக ஆண்ட தியோபானு 991-இல் இறந்தது இந்த ஊரில்தான். அந்தப் பெயரை வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். அரண்மனையைப் போர் அழிக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இடித்து, கல்லை விற்றுவிட்டார்கள். எட்டுப் பக்கம் கொண்ட சின்னத் தேவாலயம் ஒன்றும், இன்னொரு தேவாலயத்தின் உடைந்த பாதியும் மட்டும் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. எட்டுப் பக்கத் தேவாலயம் ஆயிரம் வருடப் பழசு. திறந்திருந்தால் உள்ளே போய்ச் சற்று நேரம் உட்காருங்கள்.

ஊர் எப்படி எரிந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1944 பிப்ரவரி 22, மத்தியானம். நாடு அப்போது ஜெர்மனியின் பிடியில் இருந்தது. ஜெர்மனியைத் தாக்கக் கிளம்பிய அமெரிக்க விமானங்கள் மோசமான வானிலையால் திருப்பி அழைக்கப்பட்டன. திரும்பும் வழியில் நைமேகன் மேல் குண்டு போட்டன. கிட்டத்தட்ட 800 பேர் செத்தார்கள். போட்டவன் எதிரி இல்லை, நண்பன். விடுவிக்க வந்தவர்கள் செய்த பிழை என்பதால் அந்தத் துக்கத்தை வாய்விட்டுச் சொல்லவே இந்த ஊருக்கு வெகுகாலம் பிடித்தது. குழந்தைகள் படித்த ஒரு பள்ளியும் அதில் போயிற்று. அந்த இடத்தில் இப்போது ஓர் ஊஞ்சல் நினைவுச்சின்னமாக இருக்கிறது. அதே வருடம் செப்டம்பரில் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் மிச்சத்திலும் பலவற்றைக் கொளுத்தினார்கள். தீ எதுவரை வந்தது என்பதைத் தரையில் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டின் ஒரு பக்கம் பழைய வீடுகள், மறுபக்கம் புதியவை. ‘ஒன்றும் இல்லை’ என்று அந்த நண்பர் சொன்ன இடம் அந்த மறுபக்கம்தான். எனக்கு இந்த ஊரில் படித்துப் பார்க்க வேண்டிய பக்கமே அதுதான் என்று தோன்றுகிறது.

அப்புறம் ஆறு. ரைன் நெதர்லாந்துக்குள் வந்ததும் பிரிகிறது. அதில் பெரிய கிளையின் பெயர் வால் (Waal). நைமேகன் அதன் கரையில்தான் இருக்கிறது. ரைன் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதில்தான் போகிறது. ஜெர்மனிக்கும் ராட்டர்டாமுக்கும் இடையே சரக்குப் படகுகள் ஓயாமல் போய்வரும். கரையில் உட்கார்ந்து அவற்றை எண்ணிக்கொண்டிருந்தாலே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

நைமேகனில் இந்த ஆறு வளைந்து, ஊருக்கும் எதிர்க்கரை லென்ட் கிராமத்துக்கும் நடுவே குறுகிப்போகிறது. 1995 வெள்ளத்தில் அந்த ஆற்றுப்பகுதி முழுவதிலுமாக 2,50,000 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. கரைகள் தாங்கின. ஆனால் எப்போதும்போல் கரையை இன்னும் உயர்த்திக்கொண்டே போக முடியாது என்று புரிந்துவிட்டது. அதனால் லென்ட் பக்கத்துக் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளினார்கள். நடுவில் புதிதாக ஒரு கால்வாய் வெட்டி ஆற்றுக்குக் கொடுத்தார்கள். சுமார் 50 வீடுகள் போயின. வீட்டைக் கொடுத்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை, பல வருடம் எதிர்த்தார்கள். இன்று வெள்ளம் வந்தால் அந்தக் கால்வாயால் நீர்மட்டம் சுமார் 35 சென்டிமீட்டர் குறைகிறது. தண்ணீரோடு காலம்காலமாகச் சண்டை போட்ட ஒரு நாடு, தன் மண்ணை அளந்து ஆற்றுக்குத் திருப்பிக் கொடுத்த இடம் இது. காவிரிக்கரைக்காரர் நீங்கள். இதை நேரில் பார்க்க வேண்டும். அந்தக் கால்வாயின் பெயர் ஸ்பீகல்வால், அப்படிக் கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். கோடையில் பிள்ளைகள் அங்கேதான் நீந்துவார்கள். பெரிய ஆற்றில் மட்டும் இறங்காதீர்கள், படகுகளின் இழுப்பு பொல்லாதது.

இனி அந்த மாலை. 1944 செப்டம்பர் 20 அன்று, ஜெர்மானியர் கையிலிருந்த ஆற்றுப் பாலத்தைப் பிடிக்க, அமெரிக்க வீரர்கள் கித்தான் படகுகளில், பட்டப்பகலில், எதிர்க்கரையிலிருந்து சுடச்சுட இந்த ஆற்றைக் கடந்தார்கள். துடுப்பு போதாமல் சிலர் துப்பாக்கிக் கட்டையால் துழாவினார்கள். 48 பேர் இறந்தார்கள். அதே இடத்தில் 2013-இல் ஒரு பாலம் திறந்தார்கள். பெயர் டி ஓவர்ஸ்டேக், அதாவது ஆற்றைக் கடப்பது. அதில் 48 ஜோடி விளக்குகள். தினமும் சூரியன் மறையும் நேரத்தில் அவை ஒவ்வொரு ஜோடியாக, ஒருவர் நடக்கும் வேகத்தில் எரியத் தொடங்கும். முன்னாள் ராணுவத்தினர் ஒருவர் அந்த வேகத்திலேயே கூட நடப்பார். மழையோ பனியோ, 2014 முதல் தினமும். நான் போன அன்று வயதான ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடக்க ஆரம்பித்தார். நாங்கள் ஐந்தாறு பேர் பின்னால் போனோம். யாரும் பேசவில்லை. பன்னிரண்டு நிமிடம் இருக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஆளை நினைத்துக்கொண்டு நடந்தேன், பாதி வழியில் கண் கலங்கிவிட்டது.

யார் வேண்டுமானாலும் சேர்ந்து நடக்கலாம். ஊர் மையத்திலிருந்து கரையோரமாக மேற்கே அரை மணி நேரத்துக்குமேல் நடக்க வேண்டும், சாருக்கு முடியாவிட்டால் வாடகைக் கார் பிடித்துக்கொள்ளுங்கள். ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். அதனால் ஐந்தோவனுக்குத் திரும்பக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு, டென் போஸில் மாற வேண்டிய வண்டி எது என்று மகளிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜூன்தானே என்று ஸ்வெட்டரை வீட்டில் விட்டுப் போகாதீர்கள், பாலத்தின் மேல் காற்று பலமாக அடிக்கும்.