ஆழமான பேஸ்மென்ட், தடுப்புச் சுவர்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கே: 10 மீட்டர் தோண்டுகிறோம். சுவர் எவ்வளவு கனம் வேண்டும்?

ப: கனத்தைக் கடைசியில் பார்ப்போம். மண் பரிசோதனை அறிக்கையில் நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் இருக்கிறது? உராய்வுக் கோணம் (மணல் துகள்கள் ஒன்றையொன்று உராய்ந்து பிடித்து நிற்கும் திறனின் அளவு) 30 டிகிரி உள்ள காய்ந்த மணல், 10 மீட்டர் உயரச் சுவரை மீட்டர் நீளத்துக்குச் சுமார் 300 கிலோநியூட்டன் விசையோடு தள்ளும். நீர் தரைமட்டம் வரை ஏறினால் அது 650ஐத் தொட்டுவிடும். அதில் முக்கால்வாசி தண்ணீரின் தள்ளல்தான்.

கே: பம்ப் வைத்து இறைத்துவிடுகிறோமே சார், அப்புறம் என்ன நீரழுத்தம்?

ப: இறைப்பது குழிக்குள். வெளியே நீர் அப்படியே நிற்கிறது, அந்த வித்தியாசம்தான் சுவரைத் தள்ளுகிறது. வெளியேயும் இறைத்தால் பக்கத்துக் கட்டடத்தின் கீழே உள்ள களிமண் அமுங்கும், கட்டடம் இறங்கும்.

கே (அதே நண்பர்): இடைவெளி விட்டு பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டால் நீர் வடிந்துவிடும். அழுத்தமே இருக்காது!

ப: வடியும், அழுத்தமும் குறையும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீரோடு நுண்மணலும் வெளியே வரும். சுவருக்குப் பின்னால் பொந்து விழுந்து, மேலே இருக்கும் சாலை உள்வாங்கும். நீருள்ள மணலில் ஒன்றையொன்று வெட்டிச் சேரும் சீகன்ட் பைல் அல்லது டயாஃப்ரம் வால் (தோண்டுவதற்கு முன்பே மண்ணுக்குள் வார்க்கும் தொடர் கான்கிரீட் சுவர்) தான் சரி. அதுவும் ஆழமாக இறங்க வேண்டும்; இல்லாவிட்டால் நீர் அடியில் சுற்றி வந்து குழியின் தரை மணலைக் கொதிப்பதுபோல் பொங்க வைத்து இளக்கிவிடும்.

கே: மென்பொருள் 'போதும்' என்கிறது. நம்பலாமா?

ப: கையாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் ஹைவே அருகே தோண்டிய குழி சரிந்து 4 பேர் இறந்தார்கள். மென்களிமண்ணின் வலிமையைக் கணினி மாதிரி கூடுதலாக எடுத்துக்கொண்டிருந்தது. ஸ்ட்ரட்டும் (குழிக்குக் குறுக்கே சுவர்களைத் தாங்கும் முட்டு) வேலரும் (சுவரை ஒட்டிப் படுக்கையாக ஓடும் உத்தரம்) சேரும் இணைப்பும் போதுமான வலிமையோடு வடிவமைக்கப்படவில்லை. சுவரைப் பார்க்கிற கவனம் இணைப்புக்கும் வேண்டும்.

கே: 3 அடுக்கு பேஸ்மென்டுக்குச் சுவர் கனம்?

ப: முதல் பதிலைப் படியுங்கள். நீர்மட்டம்!

கே: நிரந்தரச் சுவருக்கு எந்த அழுத்தக் குணகம்?

ப: தளங்கள் பிடித்திருப்பதால் சுவர் நகராது. குணகம் என்பது மண்ணின் செங்குத்து அழுத்தத்தில் எவ்வளவு பங்கு பக்கவாட்டில் தள்ளுகிறது என்பது. முதல் பதிலில் சொன்ன அதே மணலுக்கு, சற்று நகரும் சுவருக்கான 0.33 போதாது, 0.5 எடுங்கள்.

கே: கசிவுக்கு எந்தப் பூச்சு நல்லது?

ப: என் துறை இல்லை. நீர்த்தடுப்பு வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

கே: ஸ்ட்ரட் வரத் தாமதம். ஒரு மீட்டர் மட்டும் கூடுதலாகத் தோண்டலாமா?

ப: கூடாது. தாங்கலில்லாத உயரம் கூடக்கூட வளைவு விசை அதைவிட வேகமாக ஏறும். ஸ்ட்ரட் வரும்வரை எக்ஸ்கவேட்டரை நிறுத்துங்கள்.