நெதர்லாந்தில் மாட்டெரு போட உச்சவரம்பு இருக்கிறதாமே, நம் ஊரில் ஏன் எருவே போதவில்லை?

கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கு இரண்டு மூன்று ஏக்கரும் ஓரிரு மாடும் இருக்கும் என்று தோன்றுகிறது. அப்படியானால் டன் கணக்கை விடுங்கள், தழைச்சத்துக் (நைட்ரஜன்) கணக்கில் பாருங்கள்.

நெதர்லாந்தில் சாணமும் மூத்திரமும் கொட்டகைக்கு அடியிலுள்ள தொட்டியில் ஒன்றாக விழும். அந்தக் கூழில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். டன்னுக்குச் சுமார் 4 கிலோ தழைச்சத்து. அதில் ஏறக்குறைய பாதி அமோனியமாக இருப்பதால் பயிர் உடனே எடுத்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991 நைட்ரேட் விதி கால்நடை எரு மூலம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்துதான் அனுமதிக்கிறது. ஏறத்தாழ 42 டன் கூழ். புல்வெளி அதிகமுள்ள பண்ணைகளுக்கு 250 கிலோ வரை சலுகை இருந்தது. அதையும் படிப்படியாகக் குறைத்துவிட்டார்கள். தென் அமெரிக்க சோயா கப்பலில் வந்து தீவனமாகிறது, அதன் சத்தில் கணிசமான பங்கு அந்தச் சின்ன நாட்டு மண்ணிலும் நிலத்தடி நீரிலும் தங்கிவிடுகிறது. மிஞ்சிய எருவை லாரியில் ஏற்றி அனுப்ப, பண்ணைக்காரர்தான் பணம் கொடுக்க வேண்டும்.

இங்கே வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை நெல்லுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம், ஏக்கருக்கு 5 டன். மக்கிய எருவில் தழைச்சத்து 0.5 சதவீதம் என்று வைத்தால் 25 கிலோ. முதல் போகத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. ‘இயற்கை விவசாயத்தைக் கிண்டல் செய்கிறான்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். எரு மண்ணுக்குச் செய்வதை யூரியா செய்யாது. இருக்கிற சத்தை எங்கே தொலைக்கிறோம் என்பதுதான் என் பேச்சு.

வரட்டி தட்டுவதை எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை மூத்திரம். மாடு கழிக்கும் தழைச்சத்தில் பாதியளவு அதில்தான் இருக்கிறது. கட்டுத்தரையிலேயே மண்ணுக்குள் இறங்கிவிடும். கரும்புச் சோகை, வீணான வைக்கோல், கடலைத் தொல்லி எது கிடைத்தாலும் கொஞ்சம் மண்ணோடு கலந்து ராத்திரி மாட்டுக்கு அடியில் பரப்புங்கள். காலையில் நனைந்த குப்பையைச் சாணத்தோடு வாரிக் குழியில் போடுங்கள்.

குழி 20 முதல் 25 அடி நீளம், 5 முதல் 6 அடி அகலம், 3 அடி ஆழம். முழு நீளத்துக்கும் பரப்பிக்கொண்டே போகாதீர்கள். ஒரு முனையில் மூன்றடி மட்டும் எடுத்து, தரைக்கு மேல் ஒன்றரை இரண்டடி உயரும்வரை நிரப்பி, கூம்பாக்கிச் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். மெழுகியதிலிருந்து நாலைந்து மாதத்தில் எரு தயார். இப்படிச் செய்தால் ஒரு மாட்டுக்கு வருஷத்தில் 5, 6 டன் தேறும், அதாவது ஏக்கருக்கு ஒரு மாடு.

மக்காத எருவைப் போட்டால் களை விதை முளைக்கும், கரையான் வரும், பயிர் சில வாரம் வெளுக்கும்: நுண்ணுயிர்கள் குப்பையை மட்கவைக்க மண்ணிலுள்ள தழைச்சத்தையே பிடித்துக்கொள்வதால். தென்னந்தோப்புக்காரர்கள் குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலக்க வேண்டும், தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியில் வளர்கிறது, அதை இந்தப் பூஞ்சாணம் கொல்லும்.

அடுத்த தப்பு, எருவைக் கும்பி கும்பியாகக் கொட்டி உழவுக்காகப் பத்து நாள் காயவிடுவது. நெதர்லாந்தில் கூழை மேலாக விசிறவே தடை. புல்லில் வட்டத் தகட்டால் கீறி அந்தக் கோட்டுக்குள் விடுவார்கள், ஏனென்றால் அமோனியா போவதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே போய்விடும். நமக்கு அந்த இயந்திரம் வேண்டாம். சிதறிய அன்றே உழுதால் போதும். அவர்களைப் பார்த்துக் கூழ்த் தொட்டி கட்டவும் வேண்டாம். கலக்கும்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொன்றுவிடும்.

சொந்த மாடு இல்லாதவர்கள் அறுப்பு முடிந்ததும் ஆட்டுக்கிடை போடுங்கள். புழுக்கையும் மூத்திரமும் நேராக வயலில் விழும், ஏற்று கூலி கிடையாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். விலைக்கு வரும் லோடு எருவில் மண்ணும் தண்ணீரும் கலந்து எடையை ஏற்றுவது சகஜமாகிவிட்டது. நெதர்லாந்தில் வண்டியில் ஏறும் எருவுக்கு மாதிரி எடுத்துச் சத்து பார்க்கிறார்கள். இங்கே டிராக்டர் பெட்டியின் உயரம்தான் அளவு. இறக்குமுன் நடுப்பெட்டியிலிருந்து இரண்டு கை அள்ளி வாளித் தண்ணீரில் கரைத்து, அடியில் எவ்வளவு மணல் தங்குகிறது என்று பாருங்கள். அதைக் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.