வாசகர் கேள்விகள்: கை டாக்கின் கூரைகளில் இருந்து

ஹாங்காங்கின் பழைய விமான நிலையமான கை டாக்கில் 1990களில் நான் எடுத்த நான்கு படங்கள் சென்ற மாத இதழில் வெளிவந்தன. அவை குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே, துணி உலர்த்தும் கழிகளுக்குச் சற்று மேலே, ஒரு ஜம்போ விமானம் சாய்ந்தபடி வரும் படத்தைப் பார்த்த என் பேரன், இது கணினியில் ஒட்டிய படம் என்று அடித்துச் சொல்கிறான். உண்மை என்ன?
– வாசகர், திருநெல்வேலி

ஒட்டுவேலை எதுவும் இல்லை. அது 1993இல் ஸ்லைடு பிலிமில் எடுத்த படம். அந்த ஸ்லைடு இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆனாலும் உங்கள் பேரனின் ஐயம் நியாயமானதே. ஒரு பெருநகரத்தின் நடுவே, அத்தனை தாழ்வாக, அத்தனை பெரிய விமானங்கள் நாள் முழுவதும் வந்திறங்கின என்பதை நேரில் பார்க்காத எவரும் எளிதில் நம்பமாட்டார்கள்.

கை டாக்குக்கு இருந்தது ஒரே ஓடுபாதை. கவுலூன் விரிகுடாவில் மண்ணைக் கொட்டிக் கடலைத் தூர்த்து அமைத்த அந்தப் பாதை 1958இல் திறக்கப்பட்டு, பின்னர் 3,390 மீட்டர் வரை நீட்டப்பட்டது. அதன் தென்கிழக்கு முனை கடலுக்குள் நீண்டிருக்க, வடமேற்கு முனை கவுலூன் நகரத் தெருக்களை ஒட்டியிருந்தது. அந்தத் தெருக்களுக்குப் பின்னால் மலைகள். மேற்கிலிருந்து காற்று வீசினால் விமானங்கள் கடல் வழியாக நேராக வந்து இறங்கிவிடும். கிழக்குக் காற்று வீசும் நாட்களில், எதிர்க்காற்றில் இறங்க வேண்டும் என்ற விதியால், நகரத்தின் மேலாக வரவேண்டியிருந்தது; மலைகள் குறுக்கே நின்றதால் ஓடுபாதைக்கு நேர்கோட்டில் வரவும் வழியில்லை. ஆகவே விமானி மேற்குக் கவுலூனுக்கு மேலாகக் கிழக்கு நோக்கி இறங்கி வந்து, எதிரே ஒரு குன்றின் சரிவில் செம்மஞ்சளும் வெள்ளையுமாகத் தீட்டப்பட்டிருந்த பெரிய சதுரங்கக் கட்டங்களைக் கண்டதும், ஏறத்தாழ 650 அடி உயரத்தில் விமானத்தை வலப்புறம் சாய்த்து, 47 பாகை திருப்பி, இறக்கைகளைச் சமன்செய்த சில நொடிகளிலேயே சக்கரங்களைத் தரையில் வைக்க வேண்டும். 1974 முதல் குன்றை நெருங்கும் வரைக்கும் கருவிகள் வழிகாட்டின என்றாலும், அந்தக் கடைசித் திருப்பம் மட்டும் விமானியின் கண்ணையும் கையையும் நம்பியே நடந்தது. படத்தில் இறக்கை சாய்ந்திருப்பது அந்தத் திருப்பத்தின் முடிவில்தான்.

பேரனிடம் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். தொலைவிலிருந்து பெரிய லென்ஸ் வைத்து எடுக்கும்போது இடைவெளிகள் சுருங்கித் தெரியும். படத்தில் துணிக்கும் சக்கரத்துக்கும் நடுவே கையளவு இடமே இருப்பதுபோல் தோன்றினாலும், உண்மையில் அங்கே பல மாடி உயரம் இருந்தது. அந்த அளவுக்கு அவன் ஐயப்பட்டது சரிதான்.

எங்கே நின்று எடுத்தீர்கள்? விமானம் வரும் நேரம் எப்படித் தெரிந்தது?
– வாசகி, கோயம்புத்தூர்

ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பிற்பகல் வேலை முடிந்ததும் முதலில் ஏதாவது ஒரு கொடிக்கம்பத்தைத் தேடுவேன். கொடி மேற்கு நோக்கிப் பறந்தால், அதாவது கிழக்குக் காற்று என்றால், நேராகக் கவுலூன் நகரத்துக்குப் பேருந்து ஏறிவிடுவேன். சிலர் விமானிகளின் பேச்சைக் கேட்கும் சிறிய வானொலிப் பெட்டி வைத்திருந்தார்கள். என்னிடம் இருந்தது அட்டவணையைக் கையால் எழுதிய ஒரு குறிப்பேடு மட்டுமே. ஆனால் சில நிமிடங்களுக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்த காலத்தில் அட்டவணையும் பெரிதாகத் தேவைப்படவில்லை. 1996இல் மட்டும் சுமார் 2 கோடியே 95 லட்சம் பயணிகள் அந்த ஒற்றை ஓடுபாதை வழியாக வந்துபோனார்கள்.

விமான நிலையத்தின் வாகன நிறுத்தக் கட்டடத்து மேல்தளத்தில் எப்போதும் பத்துப் பேராவது நிற்பார்கள். ஜப்பானில் இருந்தும் இங்கிலாந்தில் இருந்தும் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தவர்களை அங்கே சந்தித்திருக்கிறேன். நான் அதைவிடக் குடியிருப்புகளின் மொட்டைமாடிகளையே விரும்பினேன். கை டாக் சாலையிலும் அதன் அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் இருந்த பழைய வீடுகளில் மின்தூக்கி இல்லை, படிக்கட்டுக் கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும். வழக்கமாக நான் ஏறும் மாடியில் ஒரு மூதாட்டி ஆரஞ்சுத் தோலைத் தட்டில் பரப்பி வெயிலில் உலர்த்துவார். முதல் நாள் தயங்கி நின்ற என்னைப் பார்த்துவிட்டு, ஒரு மர முக்காலியைக் காலால் நகர்த்தித் தந்தார். விமானம் நெருங்கும்போது அவர் தலைநிமிர்ந்து பார்த்ததே கிடையாது. பக்கத்து மாடிப் பெண்ணுடன் பேசிக்கொண்டிருப்பவர், இரைச்சல் உச்சத்துக்கு வரும்போது வாயை மூடிக்கொள்வார். அது தணிந்ததும் விட்ட சொல்லில் இருந்து தொடர்வார். விமானம் கடந்து சில நொடிகள் கழித்து, தொலைக்காட்சிக் கம்பிகள் அதிர, கழிகளில் தொங்கிய சட்டைகளெல்லாம் படபடவென்று ஒரே திசையில் அடித்துக்கொள்ளும். அதன் பிறகு எரிந்த மண்ணெண்ணெயின் வாடை மெதுவாக வந்து இறங்கும்.

ஒளிப்பதிவுக் குறிப்புக் கேட்டிருந்தீர்கள். கோடக்ரோம் 64 பிலிம், வெயில் தெளிவாக இருந்தால் நொடியில் 500இல் ஒரு பங்கு, லென்ஸ் துளை எஃப் 5.6. மாலை வெயிலில், இறங்கும் விமானத்தின் வலப்பக்கம் முழுவதும் ஒளி விழும் என்பதால், அதன் பாதைக்கு மேற்கே இருந்த மாடிகளையே நாடுவேன்.

ஐயா, கப்பலில் பொறியாளராக இருந்த என் தந்தை விட்டுச்சென்ற பிஸ்கட் தகரப்பெட்டியில் சுமார் 200 ஸ்லைடுகள் உள்ளன. பல கை டாக்கில் எடுத்தவை என்று அம்மா சொல்கிறார். எதிலும் தேதி இல்லை, சில சிவந்துபோயிருக்கின்றன. எந்த ஆண்டில் எடுத்தவை என்று அறியவும், காப்பாற்றவும் வழி உண்டா?
– வாசகி, பினாங்கு

கட்டாயம் உண்டு, இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டு உங்களுக்குத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அட்டைச் சட்டத்தைச் சாய்த்து வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கோடக் ஆய்வகத்தில் கழுவிய ஸ்லைடுகள் பலவற்றில் மாதமும் ஆண்டும் சிறிய எழுத்தில் அச்சாகியோ, மையில்லாமல் அழுத்தியோ இருக்கும். அது பிலிமைக் கழுவிய மாதமே தவிர, படம் எடுத்த மாதம் அல்ல. கப்பலில் இருந்தவர் பல மாதம் கழித்துக்கூடக் கொடுத்திருக்கலாம்.

அடுத்து விமானத்தையே கேளுங்கள். ஹாங்காங்கில் பதிவான விமானங்களின் வால்பகுதியில் உள்ள பதிவெழுத்து, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் ‘வி.ஆர்.’ என்று தொடங்கி அடுத்து ‘எச்’ என வரும். 1997இல் ஆட்சி சீனாவுக்கு மாறியபோது தொடக்கம் ‘பி’ என்று ஆனது. ஹாங்காங்கின் விமான நிறுவனமான கேத்தே பசிபிக்கின் விமானத்தில் பச்சை வெள்ளைப் பட்டைகள் இருந்தால் அது பழைய வண்ணம். வாலில் தூரிகையால் இழுத்த இறக்கை போன்ற சின்னம் 1994இல்தான் வந்தது. ஆனால் எல்லா விமானங்களுக்கும் ஒரே நாளில் வண்ணம் மாற்றமாட்டார்கள் என்பதால், புதிய சின்னம் இருந்தால் 1994 அல்லது அதற்குப் பிந்தையது என்று உறுதியாகச் சொல்லலாம், பழைய பட்டை இருப்பதை வைத்து முந்தையது என்று சொல்லிவிட முடியாது. வாலின் அடியில் மூன்றாவது எஞ்சின் பொருத்திய டிரைஸ்டார் அந்த நிறுவனத்தின் வண்ணத்தில் தெரிந்தால், 1996 இறுதிக்கு முந்தைய படம்.

இவற்றைவிட நல்ல சாட்சி பின்னணியில் இருக்கும். ஓடுபாதைக்கு மிக அருகில் கவுலூன் கோட்டை நகரம் என்ற, ஒன்றன்மேல் ஒன்றாக வீடுகள் நெருக்கியடித்து நின்ற குடியிருப்பு இருந்தது. 1993இல் இடிக்கத் தொடங்கி 1994இல் முடித்தார்கள். உங்கள் தந்தையின் படத்தில் அந்தக் கரிய சுவர்போன்ற கட்டடக் கூட்டம் முழுமையாக நின்றால், எடுத்த காலம் அதற்கு முன்.

சிவந்துபோனவை பெரும்பாலும் பழைய எக்டாக்ரோம் வகையாக இருக்கும். இருட்டில் வைத்திருந்தாலும் அதன் நீலமும் பச்சையும் தாமாகவே வெளிறிவிடும். கோடக்ரோம் அப்படியல்ல. இருட்டில் பல பத்தாண்டுகள் நிறம் மாறாமல் இருக்கும், ஆனால் புரொஜெக்டர் வெளிச்சம் அதற்கு ஆகாது. ஆகவே தயவுசெய்து திரையில் போட்டுப் பார்க்க வேண்டாம். தகரப்பெட்டியில் இருந்து எடுத்து, பாலிப்ரோப்பிலீன் உறைகளில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள், பி.வி.சி. உறை கூடாது. தூசியை ரப்பர் ஊதுகுமிழால் மட்டும் ஊதுங்கள். பூஞ்சை படிந்தவற்றை ஈரத்துணியால் தொடாமல், பிலிம் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது இரண்டு செய்திகளைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஸ்கேனரில் அகச்சிவப்புக் கதிரால் தானாகத் தூசி நீக்கும் வசதி கோடக்ரோமுக்குப் பொருந்தாது. படத்தின் நுண்விவரங்களையே அழுக்கு என்று எண்ணி அழித்துவிடும். இரண்டாவது, ஓரத்தை வெட்டக் கூடாது. அங்குலத்துக்கு 4,000 புள்ளி என்ற அளவில் முழுச் சட்டகத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் நிற்கும் பேருந்தோ கடைப்பலகையோ நாளைக்கு உங்கள் தந்தை நின்ற இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்வதை ஸ்லைடு எண்ணுடன் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அவ்வளவு இரைச்சலையும் ஆபத்தையும் அழகு என்று எழுதுவது முறையா?
– வாசகர், தஞ்சாவூர்

கேட்க வேண்டிய கேள்விதான். இரவு 11.30 முதல் காலை 6.30 வரை விமானங்களுக்குத் தடை இருந்தது என்றால், மற்ற நேரமெல்லாம் அந்த மக்கள் எதைத் தாங்கினார்கள் என்பது விளங்கும். நான் வாரத்தில் ஒரு பிற்பகல் மட்டும் விரும்பிப் போய் நின்றவன். வகுப்பறையில் பாடம் நிறுத்திநிறுத்தி நடத்திய ஆசிரியருக்கு அது அழகாக இருந்திருக்காது. 1993 நவம்பர் 4 அன்று, புயல் காற்றில் இறங்கிய சைனா ஏர்லைன்ஸ் ஜம்போ ஒன்று ஓடுபாதையைத் தாண்டிக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 396 பேரும் உயிர்தப்பினார்கள். இறங்கும் விமானங்களுக்கான கருவி அலைகளை நீரில் நின்ற அதன் வால் தடுத்ததால், அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த நிலையம் மூடப்பட்டது சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனாலும் நிலையத்தின் கடைசி இரவான 1998 ஜூலை 5 இரவு ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே கூடினார்கள், அவர்களில் பலர் அந்த இரைச்சலிலேயே வளர்ந்தவர்கள். சோங்சிங்கில் இருந்து டிராகன்ஏர் விமானம் கடைசியாக வந்திறங்கியது. நள்ளிரவு தாண்டியதும் கேத்தே பசிபிக் விமானம் லண்டனுக்குக் கிளம்பியது. 1.17 மணிக்கு, கை டாக்குக்கு நன்றி சொல்லி விடைகொடுத்துவிட்டு, விமானப் போக்குவரத்துத் துறைத் தலைவர் ஓடுபாதை விளக்குகளை அணைத்தார். என்னிடம் அப்போது பிலிம் மீதி இருந்தும் நான் எடுக்கவில்லை, கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது அங்கே போனால் எதைப் பார்க்கலாம்?
– வாசகர், சென்னை

ஓடுபாதையின் கடல் முனையில் 2013 முதல் சுற்றுலாக் கப்பல் முனையம் இயங்குகிறது. அதே நிலத்தின் இன்னொரு பகுதியில் 2025இல் பெரிய விளையாட்டு வளாகம் திறக்கப்பட்டது. உயரக் கட்டுப்பாடு நீங்கிவிட்டதால் கவுலூன் நகரத்தில் உயர்ந்த கட்டடங்கள் எழுந்துவிட்டன. நான் நின்ற மாடிகளின் மட்டத்தை அவற்றின் மேலிருந்து இப்போது குனிந்துதான் பார்க்க வேண்டும்.

நானும் விமானங்களைப் படம் பிடிக்கிறேன். கம்பம், கம்பி, கட்டடம் எதுவும் குறுக்கே வந்தால் அந்தப் படம் வீண் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?
– கல்லூரி மாணவர், மதுரை

எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மூக்கில் இருந்து வால் வரை பக்கவாட்டில் முழுமையாக, பதிவெழுத்து தெளிவாக, பின்னால் நீல வானம் மட்டும்: விமானப் படம் சேர்ப்பவர்கள் தங்களுக்குள் ஸ்லைடுகளை மாற்றிக்கொள்ளும்போது அப்படிப்பட்டதைத்தான் கேட்பார்கள். நானும் ஒழுங்காக அதைக் கடைப்பிடித்து, வீடு மறைத்தவை, துணி குறுக்கே வந்தவை, அந்த மூதாட்டியின் தோள் ஓரத்தில் விழுந்தவை என்று கழித்துக்கட்டி, ஊர் திரும்பும்போது இரண்டு பெட்டி ஸ்லைடுகளைக் குப்பையில் போட்டேன். மிச்சம் வைத்த நூற்றுக்கணக்கான ‘சுத்தமான’ படங்களைப் பார்க்கிற எவருக்கும், அவை கை டாக்கில் எடுத்தவை என்று நான் சொன்னால்தான் தெரிகிறது. அதே விமானம் அதே நீல வானில் டோக்கியோவிலும் சிட்னியிலும் பறந்ததுதானே.

சுத்தமான படத்தையும் எடுங்கள், அது பழக வேண்டிய கைத்தொழில். எடுத்த பிறகு இரண்டடி பின்னால் வந்து, நீங்கள் நிற்கும் இடமும் சேர்ந்து விழும்படி இன்னொன்றும் எடுங்கள். தேதி, நேரம், பதிவெழுத்து, நின்ற தெரு ஆகியவற்றை அன்றைக்கே எழுதிவையுங்கள்.

திருநெல்வேலி வாசகரின் பேரன் ஒட்டுப்படம் என்று சொன்ன அந்த ஸ்லைடு தப்பியது என் அறிவால் அல்ல. பெட்டியில் மற்றவை ஆடாமல் இருக்க இடைவெளியில் செருகிவைத்த அட்டையாக அது கிடந்தது. அதன் சட்டத்தில் நான் பென்சிலால் எழுதிய ‘வேண்டாம்’ என்ற சொல்லை அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.