வலி இல்லாத கட்டிக்குத் தடைக்காலம் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 51. காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறார். பொங்கலுக்கு முன்பு குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம்தான் என்னிடம் சொன்னார். மீன்பிடித் தடைக்காலத்தில் வியாபாரம் குறைவாக இருக்கும், அப்போது ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறார். 14 வருடங்களுக்கு முன்பு அம்மாவின் அக்காவான என் பெரியம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். ஊசி குத்தி, கத்தி வைத்ததால்தான் அது பரவியது என்று அம்மா உறுதியாக நம்புகிறார். தம்பியோ, ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும், இப்போது மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிவிடும் என்கிறான். எனக்கு 27 வயது. நானும் மேமோகிராம் எடுக்க வேண்டுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மாவை இந்த வாரமே கூட்டிப் போங்கள். பொங்கலுக்கு முன்பு தெரிந்த கட்டிக்கு, தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15 வரை காத்திருந்தால் முழுதாக மூன்று மாதம் ஓடிவிடும். அறிகுறி தெரிந்த பிறகு மூன்று மாதமோ அதற்கு மேலோ தள்ளிப்போட்டவர்கள், ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருக்கும் வாய்ப்பு குறைவு என்பது 1999-லேயே லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வில் தெரிந்துவிட்டது. காலை வியாபாரத்தை விட்டுவிட்டு வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஏலத்தில் எடுத்த மீன் யாருக்காகவும் காத்திருக்காது. அந்த ஒரு நாள் கூடையைப் பக்கத்துக் கடை அக்காவிடம் விட்டுவிட்டாவது வரச் சொல்லுங்கள்.

வலி இல்லை என்பதில் ஆறுதல் கொள்ள எதுவும் இல்லை. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. மார்பில் வருகிற கட்டிகளில் அதிகமானவை புற்றுநோய் அல்ல என்பதும் உண்மைதான். ஆனால் 51 வயதில் புதிதாக வந்த கட்டியை அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டில் எல்லோரும் குழம்பியிருப்பது இதில்தான். எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு எடுக்கிற மேமோகிராம் வேறு. கையில் கட்டி தட்டுப்படுகிற பெண்ணுக்குச் செய்ய வேண்டியது வேறு. உங்கள் அம்மாவுக்கு மூன்றும் வேண்டும்: மருத்துவர் கையால் தொட்டுப் பார்ப்பது, மேமோகிராமும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், அப்புறம் ஊசியால் சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி. மேமோகிராமில் ஒன்றும் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் கையில் தெரிகிற கட்டியை விட்டுவிடக் கூடாது. சில புற்றுநோய்க் கட்டிகள் மேமோகிராமில் தெரியாமல் ஒளிந்துகொள்ளும்.

தம்பி சொன்னது முழுத் தவறு இல்லை. ஸ்வீடனில் 80,000 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அங்கே ஒவ்வொரு மேமோகிராமையும் இரண்டு மருத்துவர்கள் பார்ப்பது வழக்கம். செயற்கை நுண்ணறிவின் துணையோடு பார்த்தபோது மருத்துவர்களின் படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடித்த புற்றுநோய்களின் எண்ணிக்கையோ குறையவில்லை. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அங்கேயும் மருத்துவர் பார்த்துத்தான் முடிவு சொன்னார். கட்டி இருக்கும் உங்கள் அம்மாவுக்கு அது எந்த விதத்திலும் பயாப்ஸிக்கு மாற்று ஆகாது. ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ரத்தத்தில் விடுகிற சி.ஏ. 15-3 என்ற புரதத்தின் அளவைப் பார்க்க ரத்தம் எடுப்பார்கள். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் அது பெரும்பாலும் சாதாரண அளவில்தான் இருக்கும். 'நார்மல்' என்று வந்த சீட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் அதில் உள்ள ஆபத்து. அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இப்போது அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். ஊசி குத்தினால் பரவும் என்பதை நம்புகிற பெண்களை வடசென்னையில் தினமும் பார்க்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. முற்றிய நிலையில் வந்தவர்களுக்குப் பயாப்ஸி செய்த பிறகு நோய் வேகமாகப் போவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். ஊசி போடும் முன்பே நோய் பரவியிருந்தது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். பயாப்ஸியால் புற்றுநோய் பரவி உயிர் போவதில்லை. அது இல்லாமல் சிகிச்சையைத் தொடங்கவே முடியாது.

அன்று என்ன நடக்கும் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதிப் பயம் போய்விடும். படுக்க வைத்து, ஸ்கேனில் கட்டியைப் பார்த்துக்கொண்டே மரத்துப்போக ஊசி போடுவார்கள். அந்த முதல் ஊசிதான் சுருக்கென்று இருக்கும். பிறகு பயாப்ஸி ஊசியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பலர் அந்தச் சத்தத்துக்குத்தான் திடுக்கிடுவார்கள், வலிக்கு அல்ல. ஒவ்வொரு 'டக்'குக்கும் சேமியா போல மெல்லிய ஒரு துண்டு வரும். நான்கைந்து துண்டுகளை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்புவார்கள். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து பிளாஸ்திரி ஒட்டி, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் மட்டும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். மேமோகிராம் அன்று அக்குளில் பவுடரோ டியோடரண்டோ வேண்டாம், படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரிந்து குழப்பும்.

அந்தச் சின்னத் துண்டு, புற்றுநோயா இல்லையா என்பதோடு நிற்பதில்லை. புற்றுநோய் என்றால் அது எந்த வகை என்பதையும் சொல்லும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அந்தச் செல்களில் இருக்கின்றனவா, ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மருத்துவம் மாறியிருப்பது இங்கேதான். ஹார்மோன் வகை என்றால் டமாக்ஸிஃபென் அல்லது லெட்ரோசோல் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும். அந்த வகையில் அக்குள் நெறிக்கட்டிக்குப் பரவாத பலருக்குக் கீமோவே தேவையில்லை என்று 2018-இல் வெளிவந்த டெய்லர்-எக்ஸ் ஆய்வு காட்டியது. ஹெர்-2 வகை ஒரு காலத்தில் நாங்கள் பார்த்துப் பயந்த வகை. அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி வந்த பிறகு அந்த நிலைமை தலைகீழானது, இந்தியாவிலேயே தயாராகும் ஊசியும் பல வருடங்களாகக் கிடைக்கிறது. முற்றிய நிலை ஹார்மோன் வகைக்குக் கொடுக்கிற பால்போசிக்லிப் மாத்திரையின் காப்புரிமை 2023-இல் முடிந்ததும் விலை வெகுவாக இறங்கியது. முன்பு விலையைக் கேட்டுவிட்டு எழுந்து போனவர்களுக்கு இன்று அதை எழுதித் தர முடிகிறது. இதில் எனக்கு உண்டாகிற மகிழ்ச்சி சாதாரணமானதல்ல.

உங்கள் பெரியம்மாவுக்கு மார்பை முழுவதும் எடுத்திருப்பார்கள், கை வீங்கிக் கஷ்டப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். இன்று கட்டி சிறியதாக இருந்தால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுத்தால் போதும். மார்பை முழுதாக எடுத்தவர்களும் இப்படிச் செய்துகொண்டவர்களும் ஒரே அளவு ஆயுளோடு இருந்தார்கள் என்று, 20 வருடம் தொடர்ந்து பார்த்த இரண்டு ஆய்வுகள் 2002-இல் நிரூபித்தன. கட்டி பெரியதாக இருந்தாலும் சில வகைகளில் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு எடுக்கிறோம். அக்குளில் முதல் நெறிக்கட்டியை மட்டும் எடுத்துப் பார்த்து, அங்கே பரவவில்லை என்றால் மற்றதைத் தொடுவதில்லை. கை வீக்கம் அதனால் மிகவும் குறைந்திருக்கிறது. கூடை தூக்குகிற கைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'கரண்ட் வைப்பது' என்று நம் பக்கம் சொல்கிற ரேடியேஷன்கூட ஐந்து வாரத்திலிருந்து மூன்று வாரமாகிவிட்டது, சிலருக்கு ஒரே வாரத்தில் முடிகிறது.

எங்கே போவது? உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்கி, பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் 'மார்பில் கட்டி' என்று சொல்லுங்கள். ரேடியேஷன் தேவைப்பட்டால் சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிலையம் இரண்டும் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் வைத்து இப்போதே எடுத்துவிடுங்கள். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பயாப்ஸி செய்த இடத்தில், எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் ஸ்லைடையும் கேட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

அம்மாவோடு மீன் விற்கிற பெண்களுக்கும் ஒரு வார்த்தை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்ததிலேயே, 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. மெஷினே இல்லாமல்! 30 வயதைத் தாண்டியவர்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

உங்களுக்கு 27 வயதில் மேமோகிராம் வேண்டாம். இந்த வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படத்தில் சரியாகத் தெரியாது. கட்டியோ, காம்பில் ரத்தக்கசிவோ, தோலில் சுருக்கமோ தெரிந்தால் மட்டும் உடனே காட்டுங்கள், அப்போது ஸ்கேன் எடுப்போம். பொதுவாக மேமோகிராமை 40 வயதில் ஆரம்பிக்கலாம். ஆனால் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று உறுதியானால் பெரியம்மாவோடு சேர்த்துக் குடும்பத்தில் இரண்டு பேர் ஆகிறது. அப்போது பரம்பரையாக மார்பகப் புற்றுநோய் வரக் காரணமான மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கிற பி.ஆர்.சி.ஏ. பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், முதலில் அம்மாவின் ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். அவரிடம் அந்த மாற்றம் இருந்தால் உங்களுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்களிடமும் இருப்பது தெரிந்தால் இந்த வயதிலிருந்தே வருடம் ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருக்கும். அம்மாவிடம் அது இருந்தால் தம்பியும் இந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், ஆண்கள் வழியாகவும் அது பிள்ளைகளுக்குப் போகும்.