குடம் ஏன் ‘டக் டக்’ என்கிறது?

கேள்வி: பள்ளி விழாவுக்காகப் பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டு பழக்குகிறோம். மூங்கிலை வளைத்து நைலான் கயிறு கட்டினோம். மணி ஒலிக்கிறது, நாணின் ஒலி எழும்பவில்லை. குடத்தில் ‘கும்’ வராமல் ‘டக் டக்’ என்கிறது. எங்கே கோளாறு? (ஆசிரியை, அம்பாசமுத்திரம்)

பதில்: முதலில் குடத்தைப் பாருங்கள். ‘கும்’ என்பது மண்ணின் ஒலியல்ல, உள்ளே அடைபட்ட காற்றின் ஒலி. தட்டும் மட்டை குடத்தின் வாயை ஒரு நொடி முழுதாக மூட வேண்டும். வாயைவிடச் சிறியதாகவோ விறைப்பாகவோ இருந்தால் விளிம்பில்தான் அடி விழும், ‘டக்’ என்றுதான் கேட்கும். அந்தக் காலத்தில் கமுகம்பாளையில் (பாக்கு மரப் பாளை) மட்டை செய்தார்கள். இன்று தடித்த ரப்பரே போதும். விளிம்பில் சில்லு பெயர்ந்த குடம் உதவாது, அந்த இடைவெளியில் காற்று கசியும். வாங்கும்போதே விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். கரகரத்தால் கீறல் இருக்கிறது. பெரிய குடத்துக்குக் கனத்த ஒலி, சிறியதற்கு மேல் ஒலி. பிள்ளைகளின் குரலுக்கு நடுத்தரக் குடமே சரி.

அடுத்து வில். பழைய வில்கள் பனை வைரத்தில், 10 அடிக்கும் மேல் நீளமாக இருக்கும். நாண் தோல் வார். நைலான் கயிறு இழுவிசையில் நீண்டு கொடுக்கும். முந்தின நாளே இறுக்கிக் கட்டி, மறுநாள் மேடையேறும் முன் இன்னொரு முறை முறுக்கேற்றுங்கள். மணி அதிகமானாலும் நாண் கனத்து அடங்கிவிடும். பாதியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். நாணைத் தட்டும் வீசுகோலை அதன் மேல் அழுத்தக் கூடாது, பட்டதும் எடுத்துவிட வேண்டும். புதிதாகக் கோல் பிடிப்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது.

வில் உட்காரும் குடக்கழுத்தில் துணி சுற்றிக் கட்டுங்கள். வில்லின் மரம் நேரே மண்குடத்தில் உரசினால் பாட்டு முடிவதற்குள் கழுத்து விண்டுவிடும். குடத்துக்கு அடியில், அதைத் தாங்கும் வைக்கோல் வளையமான பிரிமணை கட்டாயம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் சுடலைமாடன் கதையை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். எதைக் குறைக்கலாம்? (வாசகர், நாங்குநேரி)

பதில்: தொடக்கத்தில் பாடும் காப்பையும் முடிவில் வாழ்த்திப் பாடும் வாழியையும் தொடாதீர்கள். பார்வதி விளக்குச் சுடரில் பிள்ளைவரம் பெறுவதும், மாடன் சுடுகாட்டுக்குப் போவதும் பாட்டாகவே இருக்கட்டும். சனம் அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறது. மாடனோடு மோதும் மந்திரவாதி காளிப்புலையன் வரும் பகுதியை வசனத்தில் சொல்லி நகர்த்தலாம். வெட்டுவதானால் வசனத்தில் வெட்டுங்கள். பாட்டின் நடுவில் வெட்டினால் பின்பாட்டுக்காரருக்குப் பாட்டை எடுக்கும் இடம் தவறி, தாளம் சிதறும். சாமியாடிக்கு அருள் வரும் நேரத்தை மட்டும் கடிகாரத்துக்குள் அடைக்க முடியாது. அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லி விழாக் குழுவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மேடையில் தகராறு வேண்டாம்.

கேள்வி: மழை நாளில் உடுக்கை தொய்ந்து போகிறது. தீயில் காட்டலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: காட்டலாம், அனல் மட்டும் படும் தூரத்தில், திருப்பித் திருப்பி. ஒரே இடத்தில் பிடித்தால் தோல் கருகி வெடிக்கும். உடுக்கையின் இடுப்பில் உள்ள கயிற்றை அழுத்தினால் ஒலி மேலேறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் சூடு போதும். நிகழ்ச்சி முடிந்ததும் கயிற்றைத் தளர்த்தி வையுங்கள்.